இரு யூனிட்டுகளை இணைக்கும் லைனில் குரல் உடைகிறது: வரிசை அமைப்பதா, போர்ட்டுக்கு வரம்பு வைப்பதா?

பின்னல்வலை (திருப்பூர்):

வணக்கம். எங்கள் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தின் அலுவலகம் திருப்பூரிலும் தையல் யூனிட் பெருமாநல்லூரிலும் உள்ளன. இரண்டையும் 50 எம்.பி.பி.எஸ். லீஸ்டு லைன் (சேவை நிறுவனத்திடம் வாடகைக்கு எடுத்த தனி இணைப்பு) ஒன்று இணைக்கிறது. ஐ.பி. தொலைபேசி, கண்காணிப்பு கேமரா, மார்க்கர் கோப்புகள் (துணி வெட்டுவதற்கான வரைபடங்கள்), பேக்கப் எல்லாமே அந்த ஒரே லைனில்தான் செல்கின்றன. மாலையில் மெர்ச்சண்டைசர்கள் யூனிட்டுடன் ஷிப்மென்ட் பற்றிப் பேசும் நேரத்தில்தான் பெரிய கோப்புகளும் போகின்றன என்பதால், குரல் துண்டு துண்டாகக் கேட்கிறது.

சுவிட்சுகளில் கியூ.ஓ.எஸ். (எந்தப் போக்குவரத்துக்கு முன்னுரிமை என்று பிரிக்கும்) வசதியை இயக்கிய பிறகும் குரல் சீராகவில்லை. அதோடு, லீஸ்டு லைனைத் தொடாமல் அலுவலகத்துக்குள்ளேயே சர்வரிலிருந்து கணினிக்கு நகலெடுப்பதும் மந்தமாகிவிட்டது. சுவிட்சுகள் போர்ட்டுக்கு நான்கு வெளிவரிசைகள் (வெளியேறும் பாக்கெட்டுகள், அதாவது தரவுத் துண்டுகள், காத்திருக்கும் வரிசைகள்) கொண்ட பழைய வகை. அடுத்து ஒவ்வொரு கேமரா போர்ட்டுக்கும் 10 எம்.பி.பி.எஸ். வரம்பு வைக்கலாமா?

நொய்யல்கரை (கோவை):

வரம்பு வைப்பதற்கு முன், நெரிசல் எந்த இடத்தில் ஏற்படுகிறது என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். ஒரு போர்ட்டின் வழியே வெளியேற வேண்டிய பாக்கெட்டுகள் அதன் வேகத்தை மீறிக் குவியும்போது மட்டுமே வரிசைகளுக்கு வேலை உண்டு. உங்கள் சுவிட்ச் ரவுட்டரை நோக்கி 1 ஜி.பி.பி.எஸ். வேகத்தில் தடையின்றி அனுப்புகிறது, 50 எம்.பி.பி.எஸ். என்ற குறுகல் அதற்கு அப்பால், சேவை நிறுவனத்தின் கருவியில் இருக்கிறது. அந்தக் கருவிக்கு உங்கள் தொலைபேசியும் பேக்கப்பும் ஒன்றே. ஆகவே ரவுட்டரின் வெளிப்புறப் போர்ட்டில் 47 எம்.பி.பி.எஸ். அளவில் ஷேப்பிங் (மிகுதியைக் காக்க வைத்து வேகத்தை மட்டுப்படுத்துவது) செய்து, வரிசை உங்கள் கருவியிலேயே உருவாகும்படி செய்யுங்கள். குறுகலை உங்கள் பக்கம் கொண்டுவந்தால்தான் யார் முதலில் போவது என்பதை நீங்கள் முடிவு செய்ய முடியும்.

குரலுக்குக் கண்டிப்பான முன்னுரிமை வரிசையைக் கொடுங்கள். ஜி.711 கோடெக்கில் (குரலைத் தரவாக மாற்றும் முறை), 20 மில்லிவினாடிக்கு ஒரு பாக்கெட் என்ற கணக்கில், ஓர் அழைப்புக்கு ஈதர்நெட்டில் ஒரு திசைக்குச் சுமார் 87 கே.பி.பி.எஸ். தேவை, ஒரே நேரத்தில் 20 அழைப்புகள் இருந்தாலும் 2 எம்.பி.பி.எஸ். எட்டாது. அந்த வரிசைக்கு 5 எம்.பி.பி.எஸ். உச்சவரம்பு வைத்தால், தவறாகக் குறியிடப்பட்ட வேறு எதுவும் அதில் நுழைந்து மற்றவற்றைப் பட்டினி போடாது.

இரண்டாவது, தொலைபேசி இடும் டி.எஸ்.சி.பி. 46 என்ற குறி (பாக்கெட்டின் தலைப்பில் உள்ள முன்னுரிமை எண்) ரவுட்டர் வரை உயிரோடு வருகிறதா என்று பாருங்கள். சிஸ்கோவின் கேட்டலிஸ்ட் 2960 போன்ற பழைய வகைகளில் கியூ.ஓ.எஸ். இயக்கப்பட்டவுடன் எல்லாப் போர்ட்டுகளும் நம்பத்தகாதவையாகக் கருதப்பட்டு, வரும் குறிகள் 0 என மாற்றப்படும். தொலைபேசிப் போர்ட்டில் மட்டும் நம்பிக்கையை (வரும் குறியை அப்படியே ஏற்கும் அமைப்பை) அமைத்துவிட்டு, சுவிட்சுகளை இணைக்கும் போர்ட்டை விட்டுவிட்டால், அடுத்த சுவிட்ச் குறியை அழித்துவிடும். ரவுட்டருக்குச் செல்லும் போர்ட்டை மிரர் செய்து (அதன் போக்குவரத்தை வேறொரு போர்ட்டுக்கு நகலெடுத்து) வயர்ஷார்க் என்ற பாக்கெட் ஆய்வு மென்பொருளில் பாருங்கள். 46 தெரியாவிட்டால் ரவுட்டரில் எதை அமைத்தும் பயனில்லை.

அலுவலகத்துக்குள் ஏற்பட்ட மந்தத்துக்கும் கியூ.ஓ.எஸ்.ஸை இயக்கிய அதே கட்டளை காரணமாக இருக்கலாம். கியூ.ஓ.எஸ். இயங்கியதும் போர்ட்டின் பஃபர் (பாக்கெட்டுகள் காத்திருக்கும் தற்காலிக நினைவகம்) நான்கு வரிசைகளுக்கும் பிரிக்கப்படுகிறது. சாதாரணப் போக்குவரத்து முழுவதும் ஒரே வரிசையில் நிற்பதால், 1 ஜி.பி.பி.எஸ். சர்வரிலிருந்து 100 எம்.பி.பி.எஸ். கணினிக்கு வரும் திடீர் வெள்ளம் அந்தச் சிறு பங்கில் அடங்காமல் வீணாகிறது. வரிசைவாரியான டிராப் (கைவிடப்பட்ட பாக்கெட்) எண்ணிக்கையைப் பார்த்து, அந்த வரிசையின் பஃபர் பங்கைக் கூட்டுங்கள். நெரிசலே இல்லாத சுவிட்சுகளில் கியூ.ஓ.எஸ்.ஸை அணைத்துவிடுவதும் நல்ல முடிவுதான். அணைத்த நிலையில் அவை குறிகளைத் தொடுவதில்லை.

சென்னிமலை (ஈரோடு):

கேமரா போர்ட்டில் வரம்பு வைக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. சுவிட்சின் உள்வரும் போர்ட்டில் வைக்கும் வரம்பு பெரும்பாலும் பாலிசிங்தான். அது மிகுதியைக் காக்க வைக்காமல் எறிந்துவிடுகிறது. கேமராவின் சராசரி 4 எம்.பி.பி.எஸ். ஆக இருக்கலாம், ஆனால் முழுப் படச் சட்டகம் ஒன்று 100 கிலோபைட் அளவில் 100 எம்.பி.பி.எஸ். வேகத்தில் ஒரே மூச்சில் வந்தால், 8 மில்லிவினாடியில் வந்து முடிந்துவிடும். வரம்பு 10 எம்.பி.பி.எஸ்., பர்ஸ்ட் அளவு (ஒரே மூச்சில் வரம்பை மீற அனுமதிக்கும் அளவு) 8 கிலோபைட் என்றால் அந்த நேரத்துக்குள் கடக்கக்கூடியது சுமார் 18 கிலோபைட் மட்டுமே. சராசரி வரம்புக்குள் இருந்தும் படம் சிதைவது இதனால்தான். வரம்பு வைத்தே ஆகவேண்டுமென்றால் பர்ஸ்ட் அளவைப் பெரிதாக்குங்கள். அதைவிட, கேமராவிலேயே பிட்ரேட்டை (நொடிக்கு அனுப்பும் தரவின் அளவை) குறைப்பது நேரான வழி.

பின்னல்வலை (திருப்பூர்):

மிக்க நன்றி. மிரர் செய்து பார்த்தேன். ரவுட்டருக்கு வரும் குரல் பாக்கெட்டுகள் எல்லாவற்றிலும் 0 தான் இருக்கிறது. ஷேப்பிங் திருப்பூர் ரவுட்டரில் மட்டும் போதுமா? பேக்கப்பை எந்த வகையில் சேர்ப்பது?

நொய்யல்கரை (கோவை):

போதாது. ஒரு ரவுட்டரால் தான் வெளியே அனுப்புவதை மட்டுமே ஒழுங்குபடுத்த முடியும். கேமராப் படங்கள் பெருமாநல்லூரிலிருந்துதான் உங்களிடம் வருகின்றன என்றால், அங்கிருந்து பேசுபவரின் குரலை அழுத்துவது அந்தத் திசை நெரிசல்தான். ஆகவே அதே ஷேப்பிங்கையும் முன்னுரிமை வரிசையையும் அங்குள்ள ரவுட்டரிலும் அமைக்க வேண்டும்.

பேக்கப்புக்கு டி.எஸ்.சி.பி. 8 என்று குறியிட்டு, மிகக் குறைந்த பங்குள்ள வரிசையில் விடுங்கள். உச்சவரம்பு வேண்டாம்; மற்ற வரிசைகள் காலியாக இருக்கும் நள்ளிரவில் அது முழு 47 எம்.பி.பி.எஸ்.ஸையும் எடுத்துக்கொள்ளட்டும். முதலில் சுவிட்சுகளை இணைக்கும் போர்ட்டுகளில் நம்பிக்கையை அமைத்து, 46 வந்து சேர்வதை உறுதி செய்துவிட்டு ரவுட்டரைத் தொடுங்கள்.