பெட்டியில் வாட்டர்ப்ரூஃப், மழையில் சொதசொத: அடைமழைக்கு எந்த பூட்ஸ்?

மழைவண்டி:
வணக்கம். தினமும் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம் பைக் ஓட்டம். மழைக்காலத்திலும் நிறுத்த முடியாது. வண்டி நேக்கட் வகை, காலை மறைக்க எதுவும் கிடையாது. இப்போது இருப்பது கணுக்காலுக்குச் சற்று மேல்வரை வரும் குட்டை ரைடிங் பூட்ஸ். பெட்டியில் வாட்டர்ப்ரூஃப் என்றுதான் போட்டிருக்கிறது. தூறலைத் தாங்குகிறது, கொட்டும் மழையில் அரை மணி நேரத்தில் விரல் வரை ஈரம். உள்ளே இருக்கும் மெம்பிரேன் (தண்ணீரைத் தடுக்கும் மெல்லிய படலம்) போய்விட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? புதிதாக வாங்குவதென்றால் எதைப் பார்த்து வாங்க வேண்டும்? கம்பூட் (முழு ரப்பர் பூட்ஸ்) அல்லது பூட்ஸுக்கு மேலே மாட்டும் ரெயின் கவர் போதும் என்கிறார்கள், அது சரியா?

நட்டும்போல்ட்டும்:
முதல்ல பூட்ஸைச் சந்தேகப்படாதீங்க, பேன்டைச் சந்தேகப்படுங்க. அடைமழையில கால் நனையறதுல பெரும்பங்கு மேல்வாய் வழியாத்தான். உட்கார்ந்து முழங்காலை மடக்கினதும் பேன்ட் நுனி நாலு விரல் மேல ஏறிடும். டேங்க்ல இருந்தும் தொடையில இருந்தும் வழியற தண்ணி நேரா பூட்ஸ் வாயில இறங்கும். நேக்கட் வண்டியில முன் சக்கரம் வேற கீழ இருந்து பீச்சி அடிக்கும். சாக்ஸோட மேல் விளிம்பு ஒரு தடவை நனைஞ்சா போதும், விளக்குத்திரி எண்ணெயை இழுக்கற மாதிரி அது தண்ணியை விரல் வரைக்கும் இழுத்துட்டுப் போயிடும். உள்ள போன தண்ணியை மெம்பிரேன் வெளிய விடாது, அது தடுக்கறதுக்காகவே வெச்சது.

அதனால ரெயின் பேன்ட் எப்பவும் பூட்ஸுக்கு வெளிய வரணும், உள்ள சொருகக் கூடாது. நின்னு பார்த்தா குதிகால் வரை இறங்கற நீளம் வேணும். நுனியில வெல்க்ரோ பட்டை இருக்கணும், பாதத்துக்கு அடியில மாட்டற எலாஸ்டிக் இருந்தா இன்னும் நல்லது.

சோதனை எளிது. காய்ஞ்ச பூட்ஸ்ல இன்சோலை (உள்ள பாதத்துக்கு அடியில கழட்டற மெத்தையை) எடுத்துட்டு நியூஸ் பேப்பரை விரல் பகுதி வரை திணிங்க. வாளித் தண்ணியில வெச்சு மேல பாரம் வையுங்க. தண்ணி எதுவரைக்கும் நிக்கணும்கறது முக்கியம், அதைக் கீழ சொல்றேன். அரை மணி கழிச்சுப் பேப்பரை எடுத்துப் பாருங்க. நனைஞ்ச இடம்தான் ஓட்டை இருக்கற பக்கம். பேப்பர் காய்ஞ்சிருந்தாலும் ஒரு சந்தேகம் மிச்சம் இருக்கும், ஏன்னா சில கசிவு மடங்கும்போது மட்டும்தான் வாய் திறக்கும். அதுக்கு காய்ஞ்ச சாக்ஸோட பூட்ஸை மாட்டிக்கிட்டு தண்ணியில நின்னு அஞ்சு நிமிஷம் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்க. அதுக்கு மேல நின்னா வேர்வையே சாக்ஸை நனைச்சுக் குழப்பிடும்.

இப்ப உயரம். பூட்ஸோட உயரம் வேற, தண்ணி தாங்கற உயரம் வேற. ஜிப்பை முழுசாத் திறந்து பாருங்க. நாக்கையும் பக்கவாட்டையும் இணைக்கற மடிப்புத் துணி எங்க முடியுதோ, அதுவரைக்கும்தான் அது வாட்டர்ப்ரூஃப். ஜிப் தண்ணியைத் தடுக்காது, பின்னால இருக்கற அந்த மடிப்புதான் தடுக்குது. வெளிய இருந்து பார்த்தா உயரமாத் தெரியற பூட்ஸ்ல கூட மடிப்பு பாதியிலயே நிக்கறது உண்டு. வாளியில தண்ணி இந்த மடிப்பு முடியற இடத்துக்கு ரெண்டு விரல் கீழ நின்னாப் போதும். வாங்கறப்ப கடையிலயே ஜிப்பைத் திறந்து விரலை விட்டுத் தடவிப் பாருங்க, லேபிளை விட விரல் உண்மை சொல்லும்.

மெம்பிரேன் பொருத்தற விதம் ரெண்டு. ஒண்ணு, சாக்ஸ் மாதிரித் தைச்சு, தையல் மேல டேப் ஒட்டி, வெளித்தோலுக்கும் உள்துணிக்கும் நடுவுல தொங்க விடறது. பெரும்பாலான பூட்ஸ் இந்த வகைதான். கால் நனையாது, ஆனா வெளித்தோல் தண்ணி குடிச்சு கனமாகும், பாதம் சில்லுனு இருக்கும், காய ஒரு நாளுக்கு மேல ஆகும். இன்னொண்ணு, மெம்பிரேனை வெளிப்பொருளோட உள்பக்கத்துலயே ஒட்டறது. தண்ணி தேங்க இடமில்லாததால சீக்கிரம் காயும். விலை கூட. தினமும் காலையும் மாலையும் நனையற ஆளுக்கு இந்த வித்தியாசம் பெரிசு, ஏன்னா முதல் வகை மறுநாள் காலையிலயும் ஈரமாத்தான் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. கோர்-டெக்ஸ் மாதிரி மெம்பிரேன் உள்ளே இருக்கற ஆவியை வெளிய விடும்கறது உண்மைதான். ஆனா அதுக்கு உள்ளயும் வெளியயும் ஈரப்பத வித்தியாசம் இருக்கணும். புழுக்கமான மழையில, வெளித்தோலும் ஊறிப் போயிருந்தா, ஆவி போக வழியே இல்லை. அப்ப சாக்ஸ் லேசா ஈரமா இருக்கறது வேர்வை. அதை ஓட்டைன்னு முடிவு கட்டி நல்ல பூட்ஸைத் தூக்கிப் போடாதீங்க. பருத்தி சாக்ஸை விட்டுட்டு மெரினோ கம்பளி இல்லன்னா சிந்தெடிக் சாக்ஸுக்கு மாறினாலே பாதிக் குறை தீரும்.

தார்ச்சாலை:
கம்பூட் வேண்டாம். தண்ணீரைத் தடுப்பதில் அதை மிஞ்ச ஆளில்லை, மறுக்கவில்லை. ஆனால் கணுக்காலுக்குப் பாதுகாப்பு சுத்தமாக இல்லை, விழுந்தால் காலை விட்டுக் கழன்று ஓடிவிடும். மூக்கு தடிமன் என்பதால் கியர் லீவருக்கு அடியில் நுழையாது. வாய் அகலம் வேறு, பேன்ட் சரியாக மூடாவிட்டால் புனல்தான்.

ரெயின் கவர் வேறு கதை. எப்போதாவது மழையில் மாட்டுகிறவருக்கு அது போதும். வாங்கும்போது முழு ரப்பர் சோல் உள்ளதாகப் பாருங்கள். அடியில் எலாஸ்டிக் மட்டும் ஓடுகிற வகையில் பூட்ஸின் சோல் ஓரம் திறந்தே இருக்கும், தேங்கிய நீரில் கால் வைத்தால் அங்கிருந்து ஏறும். வெறும் பி.வி.சி. அடிப்பாகம் ஈரமான வெள்ளைக் கோட்டிலும் எண்ணெய்ப் படலத்திலும் வழுக்கும். ஜிப் பின்பக்கமும், அதன் மேல் மூடு துணியும் இருக்க வேண்டும். கணுக்காலில் இறுக்கும் பட்டை இல்லையென்றால் காற்றில் படபடத்து லீவரில் மாட்டும். சைலன்சர் பக்கக் கால் கவனம், ஒரு தொடல் போதும், உருகி ஒட்டிக்கொள்ளும்.

தினமும் இரண்டு மணி நேரம் என்கிறீர்கள். கவர் அதற்கு ஆகாது, ஃபுட்ரெஸ்ட் படும் இடத்தில் முதலில் கிழியும்.

சேறும்சகதியும்:
மூன்றாவது வழி ஒன்றை யாரும் சொல்லவில்லை. மெம்பிரேன் இல்லாத நல்ல ரைடிங் பூட்ஸ், உள்ளே வாட்டர்ப்ரூஃப் சாக்ஸ். மண்பாதையில் ஓடை கடக்கிறவர்கள் பலர் இதைத்தான் விரும்புகிறார்கள். காரணம், மேல்வாய் வழியாகத் தண்ணீர் புகுந்த மெம்பிரேன் பூட்ஸ் அன்று முழுக்கக் குளம்தான். சாக்ஸ் முறையில் பூட்ஸ் ஊறினாலும் பாதம் காய்ந்திருக்கும், மழை நின்றதும் சாக்ஸைக் கழற்றிவிடலாம்.

சாக்ஸ் தடிமனானது, அதனால் பூட்ஸில் இடம் இருக்க வேண்டும். இறுக்கமான பூட்ஸில் திணித்தால் ரத்த ஓட்டம் குறைந்து விரல் மரத்துப்போகும். கெண்டைக்கால் நடுவரை வரும் நீளம் வாங்குங்கள், குட்டைச் சாக்ஸில் மேலிருந்து இறங்கும் அதே தொல்லைதான். தினசரி ஓட்டத்துக்கு இரண்டு ஜோடி இல்லாமல் ஓடாது.

மழைவண்டி:
வாளிச் சோதனை, குதிகால் சோதனை இரண்டிலும் உள்ளே காய்ந்தே இருந்தது. மடிப்பு கணுக்கால் எலும்புக்குக் கொஞ்சம் மேலேயே நின்றுவிடுகிறது. ஆக மேலிருந்துதான் இறங்கியிருக்கிறது. நெட்டை பூட்ஸ் பார்க்கலாம் என்று முடிவு. லேபிளில் எதைப் படிப்பது? சைஸ் எப்படி? கியர் போட சிரமமாக இருக்குமோ என்ற பயமும் உண்டு.

நட்டும்போல்ட்டும்:
உள்பக்கம் பைக் ஓட்டும் ஆள் படம் போட்ட லேபிள் இருக்கான்னு பாருங்க. ஐரோப்பியத் தரம் இ.என். 13634, இப்ப அதிகம் பார்க்கறது 2017 பதிப்பு. படத்துக்குக் கீழ நாலு எண், ஒவ்வொண்ணும் 1 அல்லது 2. வரிசையா உயரம், உராய்வு தாங்கும் திறன், வெட்டு தாங்கும் திறன், பக்கவாட்டு நசுங்கலைத் தாங்கும் விறைப்பு. முதல் எண் 1-ன்னா குட்டை, 2-ன்னா நெட்டை. உங்களுக்கு முதல் எண் 2 வேணும். கடைசி எண்ணும் 2-ஆ இருந்தா நல்லது, வண்டி கால் மேல சாயறப்ப உதவறது அதுதான்.

எண்ணுக்குப் பக்கத்துல எழுத்துகள் இருக்கலாம். டபிள்யூ.ஆர். இருந்தா நீர் புகாமைச் சோதனை தேறினது. ஐ.பி.ஏ. கணுக்கால் மோதல் பாதுகாப்பு, ஐ.பி.எஸ். முன்கால் எலும்புக்கு. எஃப்.ஓ. இருந்தா சோல் எரிபொருள், எண்ணெய்க்கு அரிக்காது. எஸ்.ஆர்.-ன்னு தொடங்கினா வழுக்காமைச் சோதனை. இதெல்லாம் கட்டாயமில்லாதவை, அதனால வாட்டர்ப்ரூஃப்னு பெட்டியில பெரிசா எழுதி, லேபிள்ல டபிள்யூ.ஆர். இல்லாம வர்ற பூட்ஸ் நிறைய.

சைஸ் சாயங்காலம் பாருங்க, காலையை விடப் பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். மழைக்குப் போடற சாக்ஸையே போட்டுட்டுப் போங்க. நின்னு பார்த்தா பத்தாது, வண்டியில உட்கார்ற மாதிரி முழங்காலை மடக்கி, பாத நுனியை மேல தூக்கிப் பாருங்க. முன்கால்ல அழுத்தினா அந்த பூட்ஸ் வேண்டாம். கெண்டைக்கால் சுற்றளவும் முக்கியம், ரெயின் பேன்ட் அதுக்கு மேல இறங்கணுமே.

கியருக்கு லீவரை ஒரு பொடி மேல ஏத்தினாப் போதும். லீவரையும் கியர் ஷாஃப்டையும் சேர்க்கற இணைப்புக் கம்பி இருக்கற வண்டின்னா ரெண்டு முனையிலயும் லாக்நட் இருக்கும், அதுல ஒண்ணு பெரும்பாலும் இடது மரை, அதாவது வழக்கத்துக்கு எதிர்த்திசையில கழலும், தெரியாம எதிர்ப்பக்கம் முறுக்காதீங்க. ரெண்டையும் தளர்த்தி, கம்பியை அரைச் சுற்று சுத்திட்டு ஓட்டிப் பாருங்க. கம்பி இல்லாம ஷாஃப்ட்ல நேரா மாட்டியிருந்தா, போல்ட்டை முழுசா வெளிய எடுக்கணும், பாதி தளர்த்தினா லீவர் வராது. ஷாஃப்ட்ல இருக்கற பல்வரிசையில ஒரு பல் மேல மாத்தி மாட்டுங்க. வலது பக்க பிரேக் பெடலையும் மாத்தினா, ஃப்ரீ ப்ளேயும் (பிரேக் பிடிக்கறதுக்கு முன்னால பெடல் சும்மா இறங்கற தூரம்) பிரேக் லைட் எரியற இடமும் மாறிடும், ரெண்டையும் சரிபாருங்க. மழையில பின்னால வர்றவருக்கு அந்த லைட்டு ரொம்ப முக்கியம்.

தோல்பட்டறை:
வாங்கிய பிறகு கெடுக்காமல் இருப்பது பற்றி. நனைந்த பூட்ஸை வெயிலிலோ ஹீட்டர் முன்போ சூடான இன்ஜின் பக்கமோ வைத்தால் தோல் சுருங்கி வெடிக்கும், சோல் பசை விடும், உள்ளே தையல் மேல் ஒட்டிய டேப்பும் தூக்கும். சேற்றைக் கழுவி, இன்சோலை வெளியே எடுத்து, வாயை அகலத் திறந்து, பேப்பர் திணித்து ஃபேன் காற்றில் வையுங்கள். முதல் பேப்பரை ஒரு மணி நேரத்தில் மாற்ற வேண்டும், இரவு முழுக்க விட்டால் பேப்பரே ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

வெளித்தோலில் தண்ணீர் முத்து முத்தாக உருளாமல் ஊற ஆரம்பித்தால் மேல்பூச்சு போய்விட்டது என்று அர்த்தம். மென்மையான சோப்பில் கழுவி, ஈரமாக இருக்கும்போதே நீர் அடிப்படையிலான வாட்டர்ப்ரூஃப் ஸ்ப்ரே அடியுங்கள். கனமான கிரீஸ், எண்ணெய் வகைகளை மெம்பிரேன் பூட்ஸில் அப்ப வேண்டாம். தோலின் துளைகள் அடைந்து வேர்வை வெளியேறாது, தோலும் தளர்ந்துவிடும்.

முதலில் விடும் இடங்கள் மூன்று: விரல் மடங்கும் சுருக்கம், கியர் லீவர் உரசும் இடது மூக்கு, மேல்தோலும் சோலும் சேரும் விளிம்பு. உள்ளே போன மணலும் நீண்ட கால் நகமும் மெம்பிரேனை உள்ளிருந்தே அறுக்கும், அதை யாரும் நினைப்பதில்லை. நெடுநாள் கிடங்கில் கிடந்த பழைய ஜோடியை வாங்கும்போது நடு சோலை விரலால் அழுத்துங்கள். அதில் இருக்கும் பாலியூரித்தேன் என்ற நுரைப்பொருள் ஈரக்காற்றிலேயே ஆண்டுக்கணக்கில் சிதைந்து, ஒருநாள் பொலபொலவென்று உதிரும்.

மழைவண்டி:
பழைய குட்டை பூட்ஸை நெட்டை ரெயின் பேன்டோடு வைத்துக்கொள்ளலாம் அல்லவா? பிறகு ஒருநாள் ஓட்டை விழுந்தால் ஒட்ட முடியுமா?

தோல்பட்டறை:
வைத்துக்கொள்ளுங்கள், லேசான மழைக்கு அது தாராளம். ஓட்டை சோல் விளிம்பில் என்றால் செருப்புத் தைப்பவரிடம் பசை வைத்து அழுத்தலாம், நிற்கும். மெம்பிரேனே கிழிந்தால் வெளியிலிருந்து ஒட்ட வழியில்லை. வெளித்தையலில் சீலன்ட் பூசுவது சில மழைக்குத் தாங்கும், அடுத்த மடிப்பில் விட்டுவிடும். அந்த நிலைக்கு வந்தால் மேலே நண்பர் சொன்ன வாட்டர்ப்ரூஃப் சாக்ஸைப் போட்டு ஓட்டுங்கள். குட்டை பூட்ஸில் அதற்கு இடம் இருக்கிறதா என்று மட்டும் இன்சோலைக் கழற்றாமல் போட்டுப் பாருங்கள். இடம் பிடிக்க இன்சோலை எடுத்துவிட்டு ஓட்டினால் அடியில் இருக்கும் தையல் மேடு சாக்ஸை அறுத்துவிடும்.