சேலம் மேடைகளில் குணசேகரன் குரல்

பலகுரல், அம்மாப்பேட்டை:
ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை வந்துவிட்டால் எந்த மேடை ஏறினாலும், ‘எதிர்நீச்சல்’ டிவி தொடரில் குணசேகரனாக நடித்த மாரிமுத்துவின் ‘ஏய், இந்தாம்மா’வைக் கேட்கிறார்கள். பலகுரல் பண்ணுகிற பசங்க முக்கால்வாசிப் பேர் தொண்டை கிழியக் கத்துகிறார்கள். போதாததற்கு நம்ம ஊர் இழுவை வேறு. மாரிமுத்து தேனி மாவட்டம், வருசநாட்டுப் பக்கம் பசுமலைத்தேரிக்காரர். இழுத்தால் ஆளே மாறிவிடும். ‘ஏய்’யை நெஞ்சிலிருந்து குட்டையாக எடுங்கள். ஒரு நொடி முறைத்துவிட்டு மீதியைச் சொன்னால் கத்தாமலே அதட்டல் வந்துவிடும்.

டப்பிங், சூரமங்கலம்:
‘எதிர்நீச்சல்’ கிளிப்பை அப்படியே காப்பியடித்தால் மூணாவது வரியில் மூச்சு வாங்கும். டப்பிங்கில் திரையைப் பார்த்து வசனத்தைத் துண்டு துண்டாகத்தான் பேசுவார்கள். உதடு மூடுகிற ப, ம இரண்டும் பொருந்திவிட்டால் மற்ற எழுத்து கொஞ்சம் விலகினாலும் கண்ணுக்குத் தெரியாது. துண்டுக்கு நடுவில் எடுத்த மூச்சும் டிவியில் கேட்காது. மேடையில் அந்த வசதி இல்லை. வசனத்தை எழுதி, மூச்சு எடுக்கிற இடத்தில் கோடு போட்டு மனப்பாடம் பண்ணுங்கள். மாரிமுத்து 2023 செப்டம்பர் 8 அன்று டப்பிங் வேலைக்கு நடுவில்தான் போய்ச் சேர்ந்தார்.

மைக்செட், ஏற்காடு:
கோடை விழா மேடைக்கு வருகிறவர்களுக்கு. கனமான குரல் வேணும் என்று மைக் தலையைக் கையால் பொத்தாதீர்கள். பின்பக்கச் சத்தத்தைத் தள்ளுகிற துளைகள் அடைபட்டு, உடனே கூவும். மூணு விரல்கடை தள்ளிப் பிடித்தாலே கனம் தானாக வரும். உதட்டில் ஒட்டினால் ‘ப’ எல்லாம் வெடிக்கும். நம்ம குரலை நமக்கே கேட்க வைக்கிற மானிட்டர் பெட்டி மைக்கின் முதுகைப் பார்த்து இருக்கணும். மலைக்குளிரில் தொண்டை இறுகும், அதனால் குடிப்பது வெந்நீர். ஐஸ் போட்ட சோடா கேட்காதீர்கள்.

பலகுரல், அம்மாப்பேட்டை:
இன்னொரு குழப்பம். மாரிமுத்துவுக்குப் பிறகு அந்தப் பாத்திரத்தில் வந்தவர் வேல ராமமூர்த்தி. அது கமுதிப் பக்கத்துக் குரல். இரண்டையும் கலந்து பேசினால் கைதட்டல் வராது. பத்து நிமிஷ ஐட்டமாக இருந்தால் குணசேகரனை மட்டும் நம்பாதீர்கள். ‘பரியேறும் பெருமாள்’ படத்தில் மாரிமுத்து நடித்த கதாநாயகி அப்பாவின் தணிந்த பேச்சை முதலில் வையுங்கள், அதட்டல் அதற்குப் பிறகு. தணிந்த குரலுக்கு மைக்செட்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வால்யூம் ஏற்றச் சொல்லணும், இல்லையென்றால் மூணாவது வரிசைக்கே கேட்காது.