புதுப்பிப்பு: அக்காவுக்கு இல்லம் கிடைத்துவிட்டது

நான்கு மாதம் முன்பு இங்கே கேட்டிருந்தேன். அக்காவுக்கு 43 வயது, அறிவுசார் குறைபாடு, வலிப்பும் உண்டு. அம்மாவால் இனித் தூக்கிக் குளிப்பாட்ட முடியவில்லை, எங்கே சேர்ப்பது என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் போன இல்லத்தில் வலிப்பு என்றதுமே முடியாது என்றுவிட்டார்கள். இரண்டாவதில் பட்டப்பகலில் அறைகளுக்குப் பூட்டு. அம்மா திரும்பி நடந்துவிட்டார். மூன்றாவது, பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத் தூரம். சேர்ப்பதற்கு முன் 15 நாள் தங்கவைத்துப் பாருங்கள் என்று அவர்களே சொன்னார்கள். தேடுகிறவர்கள் இதைக் கட்டாயம் கேளுங்கள்.

அக்கா தன் எவர்சில்வர் டம்ளரைக் கையைவிட்டு இறக்கவே இல்லை. அங்கே முதல் மூன்று இரவும் அதைக் கட்டிக்கொண்டுதான் தூங்கினாளாம். நான்காம் நாள் நாங்கள் போனபோது பக்கத்துக் கட்டில் பெண்ணுக்கு அதில் டீ ஆற்றிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அம்மா அழுதுவிட்டார்.

அப்புறம், காப்பாளர் விஷயம். 18 வயது தாண்டினால் பெற்றோரே ஆனாலும் சட்டக் காப்பாளராக நியமன உத்தரவு வாங்க வேண்டும். அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் இருக்கும் உள்ளூர் குழுதான் அதைத் தரும். அம்மா நன்றாக இருக்கும்போதே என் பெயருக்கு விண்ணப்பித்துவிட்டோம். அதே அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீட்டிலும் சேர்த்தாயிற்று; சிகிச்சைச் செலவுக்கு வருடம் 1 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும்.

பொங்கலுக்கு அக்கா வீட்டுக்கு வருகிறாள். டம்ளரோடு.