பெய்ஜிங்ல படிச்சாதான் சீன வைத்தியரா?

சிராங்கூன்வாசி: பக்கத்து இழையில கொங்குநாடன் அருளியது: "சீனாவில் ஐந்து வருடம் படிக்காதவன் சீன வைத்தியனே இல்லை. மற்ற ஊர்ப் பட்டமெல்லாம் வார இறுதி வகுப்பு." படிச்சதுல இருந்து கடுப்பு. எங்க சிங்கப்பூர் நன்யாங் பல்கலையில 2005-ல தொடங்கினது அஞ்சு வருஷ இரட்டைப் பட்டம். மூணு வருஷம் உயிர்மருத்துவம் இங்க, ரெண்டு வருஷம் பெய்ஜிங்லன்னு படிச்சாங்க. இதுவா வார இறுதி?

கொங்குநாடன்: ரெண்டு வருசம் பெய்ஜிங் எதுக்குங்க போனாங்க? சரக்கு அங்கதானுங்க இருக்குது! 1956-லயே பெய்ஜிங், ஷாங்காய், குவாங்சோ, செங்டூன்னு நாலு கல்லூரி தொறந்தவிய அவிய. அஞ்சு வருசம். முழுசா.

சிராங்கூன்வாசி: முழுசாவா? அந்த அஞ்சுல உடற்கூறியல், உடலியங்கியல், ஆங்கில மருத்துவப் பாடம் எல்லாம் வருது. கடைசி வருஷம் ஆஸ்பத்திரிப் பயிற்சி. மூலிகைக்கும் அக்குபஞ்சர் ஊசிக்கும் மிச்சம் எவ்வளவு, கணக்கு போடுங்கண்ணே. வருஷம்தான் அளவுன்னா தைவான்ல, தாய்ச்சுங் சீன மருத்துவப் பல்கலையில 7 வருஷம். அப்ப பெய்ஜிங்காரர் அவங்க முன்னால கைகட்டி நிக்கணுமா?

ஈப்போக்காரன்: இங்க மலேசியாவுல துங்கு அப்துல் ரகுமான் பல்கலையிலயே பட்டம் தர்றாங்க லா. 2016-ல பாரம்பரிய மருத்துவச் சட்டமே வந்தாச்சு. எங்களை யாரும் கணக்குல சேர்க்க மாட்டீங்களே.

கொங்குநாடன்: சட்டம் போட்டா வைத்தியம் வந்துருமாக்கும்? அஞ்சு வருசம் எங்கீங்க?

நாடிபிடிப்பவன்: எங்க சித்த மருத்துவப் பட்டமும் பயிற்சியோட அஞ்சரை வருஷம். நாங்க உடற்கூறியல் படிச்சா கலப்படம், சீனாக்காரன் படிச்சா அறிவியலா? போன வருஷம் இதே கொங்குநாடன்தான் எங்களை "அரைகுறை அலோபதி"ன்னு எழுதினார். மறக்கல.

கொங்குநாடன்: சித்தா பேச்சு இங்க எதுக்குங்க? சீன மூலிகையில மலேரியா மருந்து கண்டுபுடிச்சு 2015-ல நோபல் வாங்குன தூ யூயூ அம்மா எந்த ஊர்ல படிச்சாங்க? பெய்ஜிங்!

சிராங்கூன்வாசி: நல்லா மாட்டினீங்க. அவர் பெய்ஜிங் மருத்துவக் கல்லூரியில படிச்சது மருந்தியல். 1955-ல முடிச்சார். சீன மருத்துவம் அதுக்கப்புறம் ரெண்டரை வருஷப் பயிற்சி மட்டும். உங்க அஞ்சு எங்க போச்சு?

கொங்குநாடன்: பெய்ஜிங்லதானுங்க படிச்சாங்க. அதத்தானுங்க நானுஞ் சொல்றன்.

சிராங்கூன்வாசி: கேட்டது வருஷம், சொல்றது ஊர். ஆஸ்திரேலியாவுல 2012 ஜூலையில இருந்து நாடு முழுக்கப் பதிவு இருந்தாதான் சீன வைத்தியர்னு சொல்லிக்கவே முடியும். ஜப்பான்ல சீன வழி மூலிகை வைத்தியத்துக்குத் தனி வைத்தியர் உரிமமே கிடையாது, ஆங்கில மருத்துவம் படிச்ச டாக்டரே கம்போங்கிற அந்த மூலிகை மருந்தை எழுதறார். அவங்க எல்லாரும் போலியா? ஆமா இல்லைன்னு ஒரே வார்த்தையில சொல்லுங்க.

ஈப்போக்காரன்: மலேசியாவுக்குப் பதில் இன்னும் வரல.

கொங்குநாடன்: ஜப்பான்காரன் எழுதறது மாத்திரைங்க. நாடி புடிக்க அஞ்சு வருசம் ஆகும்.

நாடிபிடிப்பவன்: நாடியைப் பத்தி யார் பேசறதுன்னு விவஸ்தையே இல்லை.

சிராங்கூன்வாசி: போன மாசம் அக்குபஞ்சர் இழையிலயும் இப்படித்தான் மாட்டினதும் பின்னூட்டத்தை அழிச்சிட்டு ஓடினீங்க.

கொங்குநாடன்: அழிச்சது மட்டுறுத்துநருங்க, நானில்ல. அஞ்சு வருசம்னா அஞ்சு வருசந்தான்.

சிராங்கூன்வாசி: ஸ்க்ரீன்ஷாட் இருக்கு. போடட்டுமா?