முத்திரை குத்தினால்தான் திருடனா?

மலர்_யீஷூன்:
பகுதிநேரமாகச் சமூகவியல் படிக்கிறேன். பிறழ்வு, அதாவது சமூக ஒழுங்கை மீறுவது, செயலில் இல்லை, மற்றவர்கள் குத்தும் முத்திரையில்தான் இருக்கிறது என்று சமூகவியலாளர் ஹோவர்ட் பெக்கர் 1963-இல் எழுதினார். என் அத்தை மகன் பதின்ம வயது முடியும்போது கடையில் திருடி அபராதம் கட்டினான். இப்போது அவனுக்கே பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனாலும் கல்யாண வீட்டில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தால் பெரியம்மா கைப்பையை மடிக்கு மாற்றிக்கொள்கிறார். சரி, முத்திரை புரிகிறது. ஆனால் அவன் திருடியபோது யாரும் முத்திரை குத்தவில்லையே?

கோப்பிஓ_கோசோங்:
திருடினால் திருடன்தான். பெரியம்மா செய்தது ஜாக்கிரதை. இதற்கு எதற்குக் கோட்பாடு?

செல்வம்_அங்கிள்:
மலர், உங்கள் கேள்விக்கு பெக்கருக்கு முன்பே பதில் வந்துவிட்டது. எட்வின் லெமர்ட் என்ற சமூகவியலாளர், 1951. முதல் தவற்றுக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம்: ஆசை, சேர்க்கை, வீட்டுக் கஷ்டம். அதை அவர் முதல்நிலைப் பிறழ்வு என்றார். ஊர் 'நீ இப்படிப்பட்டவன்' என்று நடத்த நடத்த, அவனும் அதையே தன் அடையாளமாக ஏற்று மறுபடி தவற்றில் இறங்குவது இரண்டாம்நிலை. கோட்பாட்டின் பலமே இந்த இரண்டாவதில்தான். முதல் திருட்டை விளக்க அதை இழுப்பது வீண்.

நான் கேட்டரிங் சமையற்கூடத்துக்கு ஆள் எடுப்பவன். சிறை சென்று வந்தவர்களும் என்னிடம் வேலை செய்கிறார்கள். பொருள் காணாமல் போனால் எல்லாக் கண்ணும் முதலில் போவது அவர்கள் பக்கம்தான். கோப்பிஓ தம்பி, அதையும் ஜாக்கிரதை என்பீர்களா?

முத்திரையைச் சட்டமே குத்தினால் என்ன ஆகும் என்பதற்கு நம் தாத்தாக்கள் காலமே சாட்சி. வெள்ளைக்காரன் 1871-இல் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தை மதுரைப் பக்கம் ரேகைச் சட்டம் என்பார்கள். அங்கே குற்றம் செய்யவே வேண்டாம், அந்தச் சட்டம் குற்றப் பரம்பரை என்று அறிவித்த சமூகத்தில் பிறந்தால் போதும். எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920-இல் துப்பாக்கிச் சூடு.

மலர்_யீஷூன்:
நன்றி அங்கிள். வேலை விண்ணப்பத்தில் 'தண்டனை உண்டா' என்ற இடத்தில் என் அத்தை மகன் இன்னமும் தயங்குகிறான்.

செல்வம்_அங்கிள்:
இங்கே சிங்கப்பூரில் அபராதம் 2,000 வெள்ளிக்கு மேல் போகாமல், அது ஒன்றே ஒன்றாக இருந்து, அப்புறம் 5 ஆண்டு சுத்தமாக இருந்திருந்தால் குற்றப் பதிவு காலாவதி ஆகியிருக்கும். விலக்கான குற்றங்களும் உண்டு, அதனால் முதலில் போலீசில் சரிபார்க்கச் சொல்லுங்கள். காலாவதி ஆகியிருந்தால் இங்கே வேலை கேட்கும்போது 'இல்லை' என்றே எழுதலாம், சட்டமே இடம் கொடுக்கிறது. பெரியம்மாவுக்குத்தான் சட்டம் இல்லை.