தூரத்துப் பறவைக்கு எந்தக் கேமரா? குறைந்த விலையில் ஜூம் தேடியவர்களின் அனுபவங்கள்

திருப்பூர், பனியன் நிறுவனக் கணக்காளர்

போன ஆண்டு ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு நஞ்சராயன் குளத்துக்குப் போனேன். பார்த்த பறவைகளைப் பட்டியலிட்டு வரும்படி பள்ளியில் சொல்லியிருந்தார்கள். கரையில் நின்ற ஒருவர், "வரித்தலை வாத்து வந்திருக்கிறது, அந்தச் சேற்றுத் திட்டில் பாருங்கள்" என்று கை காட்டினார். மங்கோலியா, திபெத் பக்கம் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தில் இமயமலையைத் தாண்டிப் பறந்து வருகிற பறவை அது. நம் ஊர்க் குளத்தில் வந்து நிற்கிறது. கைபேசியில் ஜூமை முழுவதும் இழுத்துப் பத்துப் படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லாம் சாம்பல் நிறக் குழம்பு. "அப்பா, இதில் வாத்து எது?" என்று மகள் கேட்டாள். அந்தக் கேள்வி இரண்டு நாள் என்னை விடவில்லை.

அடுத்த வாரமே கோவையில் ஒரு கடைக்குப் போனேன். கையில் இருந்தது 20,000 ரூபாய். கடைக்காரர் 40 மடங்கு, 50 மடங்கு, 60 மடங்கு என்று எண்களாகவே அடுக்கினார். எண்ணோடு பிழைப்பவன் என்பதால் அங்கேயே ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். லென்ஸில் மில்லிமீட்டர் எண் கூடக் கூடத் தூரத்துப் பொருள் பெரிதாகத் தெரியும். மடங்கு என்பது அந்த எண்ணின் நீண்ட முனையைக் குட்டை முனையால் வகுத்து வரும் எண், அவ்வளவுதான். ஒரு கேமராவில் 24 முதல் 1200 மில்லிமீட்டர் வரை என்று போட்டிருந்தது. அது 50 மடங்கு. பக்கத்தில் இருந்ததில் 20 முதல் 1200 வரை. அது 60 மடங்கு. தூரத்துப் பறவையை இரண்டும் ஒரே அளவில்தான் காட்டும். கூடுதலாகத் தெரிந்த பத்து மடங்கு, அருகில் உள்ள காட்சியை அகலமாக எடுக்க உதவுகிறது. எனக்கு வேண்டியது வாத்து. கல்யாண மண்டபத்தை முழுதாக எடுக்க ஆசைப்படுபவருக்கு அந்த 20 பயன்படும்.

இன்னொரு கணக்கும் போட்டேன். ஓரடி நீளமுள்ள பறவை 100 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்தால், 1200 மில்லிமீட்டரில் படத்தின் அகலத்தில் பத்தில் ஒரு பங்கை அது பிடிக்கும். 2000 மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்கு. கைபேசியின் சாதாரண லென்ஸில் ஐந்நூறில் ஒரு பங்குதான். என் மகளின் கேள்விக்கு அங்கே விடை கிடைத்துவிட்டது.

இவ்வளவு கணக்குப் போட்டும் ஒரு தவறு செய்தேன். 17,000 ரூபாயில், 40 மடங்கு ஜூம் உள்ள, கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் இல்லாத கேமராவை வாங்கினேன். கடைக்குள் திரை பளிச்சென்று இருந்தது. குளக்கரை வெயிலில் திரையில் என் முகம்தான் தெரிந்தது. கையை நீட்டிப் பிடித்து, ஜூமை இழுத்து, பறவையைத் தேடுவதற்குள் அது பறந்தே போய்விடும். கை நீட்டியபடி இருந்தால் நடுக்கமும் அதிகம். வியூஃபைண்டர் இருந்தால் கேமரா நெற்றியிலும் கன்னத்திலும் அழுந்தி நிற்கும். பாதி நடுக்கம் அதிலேயே அடங்கும். மூன்று மாதத்தில் அதைத் தங்கை மகனுக்குக் கொடுத்துவிட்டு, 14,500 ரூபாய்க்குப் பழைய கேனான் எஸ்எக்ஸ்50 ஒன்றை வாங்கினேன். 2012-இல் வந்தது, 12 மெகாபிக்சல், 24 முதல் 1200 வரை. இன்றுவரை மனக்குறை இல்லை.

நீங்கள் எதை வாங்கினீர்கள், எங்கே கொண்டு போனீர்கள், என்ன நடந்தது என்று எழுதுங்கள். விலைப்பட்டியல் எல்லா இடத்திலும் கிடைக்கிறது. குளத்தங்கரையில் நின்றவர்களின் அனுபவம்தான் கிடைப்பதில்லை.

வெள்ளோடு அருகே, மஞ்சள் விவசாயி

அண்ணா எழுதியதில் அந்த 20 முதல் 1200 வரை என்கிற கேமரா என்னிடம் இருக்கிறது, பானசோனிக் எஃப்இசட்82. எங்கள் தோட்டத்திலிருந்து வெள்ளோடு பறவைகள் சரணாலயம் வண்டியில் பத்து நிமிடம். வாங்கிய புதிதில் தோட்டத்து வேலையை முடித்துவிட்டுப் பதினொரு மணிக்குத்தான் போவேன். கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் மரமெல்லாம் உட்கார்ந்திருக்கும். எடுத்த படமோ ஒன்றுகூடத் தெளிவாக வராது. இறகெல்லாம் தண்ணீரில் கரைந்தது போல இருக்கும். லென்ஸில் குறை என்று முடிவு செய்து, பழுது பார்ப்பவரிடம் கொண்டு போனேன். அவர் தெருக்கோடியில் இருந்த பெயர்ப் பலகையைப் படம் எடுத்து, எழுத்தை எல்லாம் படிக்க வைத்து, காசு வாங்காமல் திருப்பிக் கொடுத்தார். "நாளைக்கு விடிந்ததும் போய் எடுங்கள்" என்றார்.

காலை ஏழு மணிக்குப் போனேன். அதே மரம், அதே நாரை, அதே கேமரா. கண்ணின் வளையம்கூடத் தெரிந்தது. வெயில் ஏற ஏறத் தரையும் தண்ணீரும் சூடாகி, அதன் மேல் காற்று அலை அலையாக எழுகிறது. தார்ச் சாலையில் கானல் தெரிகிறதே, அதே சங்கதிதான். ஜூம் கூடக் கூட அந்த அலையையும் சேர்த்துத்தான் பெரிதாக்குகிறோம். 200 மீட்டருக்கு அப்பால் உள்ள பறவையை நடுப்பகல் வெயிலில் தெளிவாக எடுப்பது எந்த விலைக் கேமராவுக்கும் கடினம். இது தெரியாமல் எத்தனை பேர் நல்ல கேமராவைப் பழி சொல்லி விற்றிருப்பார்களோ.

இன்னொன்று. முக்காலி வாங்கக் காசில்லாமல், பழைய கால்சட்டையின் ஒரு காலை வெட்டித் தைத்து, மாட்டுக்கு வைத்திருந்த பருத்திக்கொட்டையை முக்கால் பாகம் நிரப்பினேன். வண்டி சீட்டிலோ வரப்புக் கல்லிலோ அதைப் போட்டு, கேமராவை அதில் அமுக்கி வைத்தால் அசையாது. என் நல்ல படங்களில் பாதி இந்த மூட்டையின் மேல் எடுத்தவை.

பொள்ளாச்சி, பள்ளி ஆசிரியை

நான் பயன்படுத்துவது நிக்கான் பி900. 24 முதல் 2000 வரை, 83 மடங்கு. என் கணவரின் நண்பர் வெளிநாடு போகும்போது குறைந்த விலைக்குக் கொடுத்தார். 2015-இல் வந்த கேமரா, இப்போது புதிதாகத் தயாரிப்பதில்லை. எடை 899 கிராம். கழுத்தில் மாட்டிக்கொண்டு அரை நாள் நடந்தால் தோள் சொல்லும்.

வால்பாறைச் சாலையில் ஆழியாறிலிருந்து ஏறும்போது நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவுப் பக்கம் பாறைச் சரிவில் வரையாடு நிற்கும். அன்று ஒரு கிடாய் மேலே பாறை நுனியில் நின்றது. வண்டியை ஓரமாக நிறுத்தி, கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றி எடுத்தேன். கொம்பின் வரிகள் எண்ணிவிடலாம் போல வந்திருந்தன. அந்த ஒரு படத்துக்காகவே இந்தக் கேமராவை மன்னிப்பேன். ஆனால் மன்னிக்க வேண்டியவையும் இருக்கின்றன. அதே பயணத்தில் இருவாட்சி ஒன்று தலைக்கு மேல் பறந்தது. அந்தச் சிறகோசையைக் கேட்டவர்களுக்குத் தெரியும், உடம்பு சிலிர்க்கும். ஜூமை இழுத்து வைத்திருந்த நான் வானத்தில் அதைத் தேடிக்கொண்டே இருந்தேன். முதலில் ஜூம் இல்லாமல் பறவையைச் சட்டகத்தின் நடுவில் பிடித்து, பிறகுதான் மெல்ல இழுக்க வேண்டும். இழுத்த பிறகு தவறவிட்டால், பக்கவாட்டில் உள்ள பொத்தானை அழுத்தினால் காட்சி தற்காலிகமாக விரியும். பறவையைக் கண்டதும் விட்டால் பழைய இடத்துக்கே வரும். கேனான் எஸ்எக்ஸ்50-இலும் இந்த வசதி உண்டு. கடையில் இதை யாரும் காட்டமாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும். தொடர்ந்து ஏழு படம் எடுத்ததும் கேமரா அவற்றைக் கார்டில் எழுதி முடிக்கும்வரை காத்திருக்கவும் வேண்டியிருக்கிறது. பறப்பதை எடுக்க ஆசைப்படுபவர்களுக்கு இது சரிவராது.

வால்பாறை அருகே புதுத்தோட்டத்துச் சிங்கவால் குரங்குகளைப் பார்க்கத்தான் என்றால் இத்தனை ஜூம் தேவையே இல்லை, அவை சாலையோரத்துக்கே வரும். தயவுசெய்து தின்பண்டம் கொடுக்காதீர்கள்.

பௌர்ணமி அன்று பள்ளி மாடியில் இதை முக்காலியில் வைத்தேன். 2000 மில்லிமீட்டரில் நிலா படத்தின் உயரத்தில் முக்கால் பங்கை நிரப்பும். 1200-இல் பாதிக்கும் குறைவு. பிள்ளைகள் வரிசையில் நின்று பார்த்தார்கள். ஒரு பையன் இரண்டாவது முறையும் வரிசையில் வந்து நின்றான். "மறுபடி என்ன சாமி?" என்றேன். "அந்தக் குழி அங்கேயே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் டீச்சர்" என்றான்.

காங்கேயம், வள்ளிக்கும்மிக் குழுவில் இருப்பவர்

எல்லாரும் பறவை, நிலா என்று எழுதுகிறீர்கள். எங்கள் கும்மி இரவில்தான் நடக்கும். திடலில் நாலு விளக்கு. நூறு பேர் சேலை முந்தானையைச் செருகிக்கொண்டு சுற்றிச் சுற்றி ஆடுவோம். என் அண்ணன் மகன் 50 மடங்குக் கேமராவோடு வந்தான். ஜூமை இழுத்தால் எல்லாம் இருட்டு, ஆடுபவர்கள் புகைபோலத் தெரிந்தார்கள். காரணத்தை அவன்தான் பிறகு படித்துச் சொன்னான்: ஜூம் நீள நீள அந்த லென்ஸில் சென்சாருக்குப் போய்ச் சேரும் ஒளி குறைந்து, எஃப் 6.5 ஆகிவிடுகிறது. சென்சார் என்பது உள்ளே ஒளியைப் படமாக்கும் சில்லு. எஃப் எண் கூடினால் ஒளி குறைவு என்று அர்த்தம்.

பிறகு பழைய பானசோனிக் எஃப்இசட்200 ஒன்றைத் தேடி வாங்கினோம். ஜூம் 24 மடங்குதான், 25 முதல் 600 வரை. கடைக்காரரே, "இதை எதற்கு?" என்று கேட்டார். ஆனால் முனைவரை எஃப் 2.8 திறந்தே இருக்கும். 6.5-ஐவிட ஐந்து மடங்குக்கும் மேல் ஒளி உள்ளே வருகிறது. கும்மி ஆசிரியர் பாட்டெடுக்கும்போது அவர் முகமும், அடி எடுத்து வைக்கும் கால்களும் இப்போது தெளிவாக வருகின்றன. இரவு நிகழ்ச்சி, கோயில் தேர், மண்டபம் என்று அலைபவர்கள் மடங்கைப் பார்க்காதீர்கள், இந்த எஃப் எண்ணைப் பாருங்கள்.

ஈரோடு, கல்லூரி மாணவர்

நான் லென்ஸைக் கழற்றி மாற்றக்கூடிய பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவும் 70-300 மில்லிமீட்டர் லென்ஸும் வைத்திருக்கிறேன். சென்சார் பெரியது என்பதால் படத்தின் தரம் நன்றாகவே இருக்கிறது, பறக்கும் பறவையும் பிடிபடும். ஆனால் நீங்கள் எல்லாரும் சொல்லும் மில்லிமீட்டர் கணக்கில் என் 300 என்பது கேனானில் 480, நிக்கானில் 450 மில்லிமீட்டருக்குச் சமம், அவ்வளவுதான். நஞ்சராயன் குளத்துத் திட்டுக்கு அது போதாது. அதற்கு மேல் போக வேண்டுமென்றால் லென்ஸின் விலை கேமராவின் விலையைத் தாண்டிவிடும். இந்தப் பக்கம் வருபவர்கள் தெரிந்து வாருங்கள்.

கோவை, கேமரா பழுது பார்ப்பவர்

இருபது ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். இவ்வகைக் கேமராக்களை இப்போது பெரும்பாலும் பழையதாகத்தான் வாங்குகிறீர்கள் என்பதால் சொல்கிறேன்.

முதலில் ஜூமை அடிமுதல் முனைவரை பத்து முறை ஏற்றி இறக்குங்கள். சத்தம் ஒரே சீராக வர வேண்டும். கரகரவென்றோ நடுவில் திக்கியோ வந்தால் உள்ளே மணல் புகுந்திருக்கிறது, அல்லது கீழே விழுந்திருக்கிறது. அந்தக் கேமராவை வைத்துவிட்டு வந்துவிடுங்கள். ஜூம் பொறியைச் சரிசெய்யும் செலவு பல சமயம் நீங்கள் கொடுத்த விலையையே எட்டும். அடுத்து, லென்ஸை முழுதும் நீட்டி, முன்னால் டார்ச் அடித்துச் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலைபோல நூல் நூலாகத் தெரிந்தால் பூஞ்சை. பீரோவுக்குள் துணியோடு வைத்திருந்த கேமராக்களில் இதை அதிகம் பார்க்கிறேன். பிறகு ஜூமை முழுக்க இழுத்து, எஃப் 8-இல் வெறும் வானத்தைப் படம் எடுங்கள். கறும்புள்ளி தெரிந்தால் சென்சாரில் தூசு. லென்ஸ் கழற்ற முடியாத கேமரா என்பதால் வீட்டில் துடைக்க முடியாது, பிரித்துத்தான் ஆக வேண்டும்.

வாங்கியதும் மெனுவில் டிஜிட்டல் ஜூமை நிறுத்திவிடுங்கள். பெட்டியில் 200 மடங்கு என்று போட்டிருந்தாலும், லென்ஸின் எல்லைக்குப் பிறகு அது படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவதுதான். அதை வீட்டில் கணினியிலேயே செய்துகொள்ளலாம். முக்காலியில் வைக்கும்போது நடுக்கத் தடுப்பையும் நிறுத்துங்கள்.

திருப்பூர், பனியன் நிறுவனக் கணக்காளர்

பழுது பார்ப்பவர் அண்ணாவுக்கு நன்றி. டார்ச் அடித்துப் பார்க்காமல்தான் நான் வாங்கினேன். நேற்றிரவு பார்த்துவிட்டேன், சுத்தமாக இருக்கிறது. இப்போதுதான் மூச்சு வந்தது.

இந்த ஆண்டு வாத்துகள் மறுபடி வந்தன. காலை ஏழு மணிக்கு, வெள்ளோடு அண்ணா சொன்னதுபோல் மூட்டை தைத்து, கரைக்கல்லில் வைத்து எடுத்தேன். வெள்ளைத் தலையின் பின்புறம் இரண்டு கறுப்புப் பட்டைகள். மகள் திரையைப் பெரிதாக்கி, ஒன்று, இரண்டு என்று விரல் வைத்து எண்ணினாள். படத்தை அவளுடைய அமுச்சிக்கும், அதாவது அம்மாவின் அம்மாவுக்கும், அனுப்பினோம். "இவ்வளவு தூரம் வந்த பறவைக்கு நம் குளத்தில் மீன் இருக்கிறதா கண்ணு?" என்று கேட்டார். அது புல் மேய்கிற பறவை என்று மகள் அரை மணி நேரம் விளக்கிக்கொண்டிருந்தாள்.

வரும் ஞாயிறு காலை ஆறரைக்குக் குளக்கரையில் இருப்போம். கேமரா வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள் வந்து, இதில் கண் வைத்துப் பார்க்கலாம். உங்கள் மெமரி கார்டைக் கொண்டு வாருங்கள். அதில் எடுத்துக்கொண்டு போய் வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தபின் முடிவு செய்யுங்கள்.