வேப்பம்பலகையை இழைத்தால் நடுவில் மேடு நிற்கிறது: குறை இழைப்புளியிலா, மேசையிலா?

கேள்வி

வணக்கம். கொல்லையில் நின்ற வேப்பமரத்தை வாள்பட்டறையில் கொடுத்து, ஓர் அங்குலக் கனமும் நான்கடி நீளமும் உள்ள பலகைகளாக அறுத்து, ஓராண்டுக்கு மேலாக நிழலில் அடுக்கிக் காயவைத்திருக்கிறேன். அவற்றைக் கொண்டு ஒரு புத்தக அலமாரி செய்ய வேண்டும் என்பது ஆசை. இயந்திரம் வாங்காமல், இரண்டு அங்குலத் தகடு கொண்ட இரும்பு இழைப்புளியால் கையாலேயே இழைக்கப் பழகி வருகிறேன். இழைப்பதற்கான மேசையும் நானே செய்ததுதான்: ஒன்பது அங்குல அகலமுள்ள இரண்டு பலகைகளை ஐந்தடி நீளத்துக்குப் பக்கம் பக்கமாகப் போட்டு, இரு முனைகளிலும் கால்கள் வைத்து ஆணி அடித்திருக்கிறேன்.

பலகையின் இரு முனைகளிலும் சீவல் நன்றாக வருகிறது. நடுப்பகுதிக்கு வந்ததும் இழைப்புளி வெறுமனே வழுக்கிக்கொண்டு போகிறது. பலகையை எடுத்து மட்டக்கோல் வைத்துப் பார்த்தால், கோல் நடுவில் நின்று இரு பக்கமும் ஆடுகிறது. இத்துடன், எந்தத் திசையில் தள்ளினாலும் பலகையில் ஏதாவது ஓரிடத்தில் நார் பிய்ந்து சொரசொரப்பாகிவிடுகிறது. அழுத்தித் தள்ளினால் மேசையே நகர்கிறது. எதை முதலில் சரிசெய்வது என்று தெரிந்தவர்கள் கூற வேண்டுகிறேன்.

மறுமொழி 1

நண்பரே, எந்தச் சந்தேகமாக இருந்தாலும் தகட்டின் கூரிலிருந்து தொடங்குவது நல்லது. சாணையில் 25 பாகைச் சரிவு பிடித்து, பிறகு எண்ணெய்க்கல்லில் முனையை மட்டும் சற்று உயர்த்தி 30 பாகையில் தீட்டுங்கள். தகட்டின் பின்புறம் விரலை வைத்தால் முனை நெடுகப் பிசிறு தட்டுப்பட வேண்டும். அது ஓரிடத்தில் தட்டுப்படாவிட்டால் அங்கே இன்னும் கூர் ஏறவில்லை என்று பொருள். பின்புறத்தைக் கல்லின்மேல் முழுவதும் படியவைத்துத் தேய்த்து அந்தப் பிசிறை எடுத்துவிடுங்கள். கல் இல்லையென்றால், தடித்த கண்ணாடியின்மேல் வாட்டர் பேப்பரை ஒட்டியும் தீட்டலாம். முனை மழுங்கியிருந்தால் இழைப்புளி வழுக்கத்தான் செய்யும்.

மறுமொழி 2

மேலே சொன்ன தீட்டும் முறை சரிதான்; ஆனால் தம்பி எழுதியிருப்பதைப் பார்த்தால் கூர் இங்கே முதன்மையான குறையாகத் தோன்றவில்லை. முனைகளில் சீவல் எடுக்கும் தகடு, அதே பலகையின் நடுவில் மட்டும் மழுங்கிவிடாது. எனக்கு ஐயம் மேசையின்மேல்தான். ஐந்தடி இடைவெளியை இரண்டு பலகைகள் மட்டும் தாங்கினால், தம் எடையாலும் கை அழுத்தத்தாலும் அவை நடுவில் தொய்ந்துவிடும். இழைக்கும் பலகை அந்தப் பள்ளத்துக்குமேல் பாலம்போலக் கிடக்கிறது. இழைப்புளி நடுவுக்கு வரும்போது பலகை கீழே வளைந்து தகட்டுக்கு எட்டாமல் போகிறது, கடந்த பிறகு மீண்டும் எழுந்துகொள்கிறது. முனைகளுக்குக் கீழே மேசை கெட்டியாக இருப்பதால் அங்கே மட்டும் மரம் குறைந்துகொண்டே வருகிறது.

கை அழுத்தம் தவறினாலும் நடுவில் மேடு நிற்கும் என்பதால் இரண்டையும் பிரித்தறிய வேண்டும். அழுத்தம் தவறியிருந்தால், கடைசி மூன்று நான்கு அங்குலம் மட்டும் சட்டென்று சரிந்திருக்கும். மேசை தொய்ந்திருந்தால், பலகை முழு நீளத்துக்கும் ஒரே சீராக வில்போல் வளைந்திருக்கும்.

மேசையைச் சோதிக்கக் கொத்தனார்கள் செய்யும் முறையே போதும். ஒரே கனமுள்ள மூன்று சிறு கட்டைகளை எடுத்து, இரண்டை மேசையின் இரு முனைகளிலும் வைத்து, அவற்றின்மேல் நூலை விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். மூன்றாவது கட்டையை நூலுக்கு அடியில் நகர்த்திக்கொண்டு போனால், நூலுக்கும் கட்டைக்கும் இடையில் வெளிச்சம் தெரியும் இடமெல்லாம் பள்ளம். உடனடியான மற்றொரு சோதனையும் உண்டு: பலகைக்கு அடியில், நடுப்பகுதியில், இடைவெளி நிரம்பும் அளவுக்கு அட்டைத் துண்டுகளைச் செருகிவிட்டு இழைத்துப் பாருங்கள். அப்போது நடுவிலும் சீவல் வந்தால், இழைப்புளியின்மேல் குற்றமில்லை.

கேட்டவர்

ஐயா, மிக்க நன்றி. நூல் கட்டிப் பார்த்ததில், மேசையின் நடுவில் ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் பள்ளம் தெரிகிறது. அட்டை செருகி இழைத்தபோது நடுவிலும் சீவல் வந்தது. ஆனாலும் ஒவ்வொரு பலகைக்கும் அட்டை செருகிக்கொண்டிருக்க முடியாதல்லவா? மேலும், தகட்டை நன்றாகத் தீட்டிய பிறகும் நார் பிய்வது நிற்கவில்லை.

மறுமொழி 2

மேசைப் பலகைகளுக்கு அடியில், முழு நீளத்துக்கும், மூன்று அங்குல உயரமுள்ள இரண்டு சட்டங்களை நெட்டுக்குத்தாக நிறுத்தித் திருகாணி போட்டு இணைத்துவிடுங்கள். அவற்றின் முனைகள் கால்களின் மேல் நன்றாக அமர வேண்டும். சட்டத்தைப் படுக்கையாகப் போடுவதில் பயனில்லை, ஏனெனில் உயரம் இரண்டு மடங்கானால் வளைவைத் தாங்கும் வலு எட்டு மடங்காகிறது. மேற்பரப்பில் உள்ள ஆணித் தலைகளையெல்லாம் ஆழமாக இறக்கிவிட்டு, மேசையின் மேற்பரப்பையும் ஒருமுறை இழைத்துவிடுங்கள். ஓர் ஆணி தகட்டில் பட்டால், அந்தத் தகட்டைச் சாணையிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியிருக்கும்.

ஏற்கெனவே மேடாகிவிட்ட பலகையைச் சரிசெய்ய ஒரு வழி சொல்கிறேன். முனையிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளித் தொடங்கி, மறுமுனைக்கு இரண்டு அங்குலம் முன்பே நிறுத்தி, நடுவை மட்டும் இழைத்துக்கொண்டே வாருங்கள். ஒரு கட்டத்தில், இழைப்புளியின் அடிப்பாகம் இரு முனைகளிலும் தாங்கப்பட்டுத் தகடு மரத்தைத் தொடாமல் போகும். அதன் பிறகு, முனை முதல் முனை வரை நீளச் சீவல் எடுத்தால் போதும். தொடங்கும்போது முன்கையிலும் முடிக்கும்போது பின்கையிலும் பாரம் இருக்கட்டும்.

மறுமொழி 3

நார் பிய்வதைப் பற்றிச் சொல்கிறேன். இது வேம்பின் இயல்பு. இந்த மரத்தில் ரேகை ஓர் அடுக்கில் ஒரு பக்கமாகவும் அடுத்த அடுக்கில் எதிர்ப்பக்கமாகவும் சாய்ந்து பின்னிக்கொண்டு வளரும். ஆகையால், பலகையில் பக்கம் பக்கமாக ஓடும் பட்டைகளில் ஒன்று உங்கள் தள்ளலுக்கு இசைவாகவும் அடுத்தது எதிராகவும் இருக்கும். பலகையைத் திருப்பிப் போட்டாலும் அது மாறப்போவதில்லை.

தகட்டின்மேல் திருகப்பட்டிருக்கும் மேல்தகட்டைக் கவனியுங்கள். பலரும் அதைக் கூர்முனையிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் தள்ளி வைத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். பின்னிய ரேகைக்கு அது அரை மில்லிமீட்டருக்குள் வர வேண்டும். அப்போதுதான் சீவல் எழும்பிய இடத்திலேயே மடங்கி ஒடியும், நார் முன்னோக்கிப் பிளந்துகொண்டு ஓடாது. மேல்தகட்டின் விளிம்பு தகட்டோடு ஒளி புகாதபடி ஒட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் இடுக்கில் சீவல் சிக்கி வாய் அடைத்துக்கொள்ளும். சீவலின் கனத்தையும் குறைத்துக்கொள்ளுங்கள். இத்தனைக்குப் பிறகும் கணுவைச் சுற்றி ஓரிரு இடங்கள் பிய்ந்தால், எஃகுச் சுரண்டு தகட்டால் அந்த இடத்தை மட்டும் சுரண்டி எடுங்கள். உப்புத்தாளை நம்பி மேலோட்டமாக இழைத்து விடுபவர்களுக்கு அதில் சரிபாதி நேரம் வீணாகிறது என்பது என் கருத்து.

மறுமொழி 1

மேசை நகர்வதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. நீளவாட்டில் தள்ளுவதால், அந்த வாட்டிலேயே கால்களுக்கு இடையே மூலைவிட்டமாக ஒரு சட்டம் அடியுங்கள். கீழே ஒரு தட்டு அமைத்துச் செங்கற்களையோ மணல் மூட்டையையோ ஏற்றுங்கள். முன்முனையைச் சுவரோடு ஒட்டிப் போட்டால் இன்னும் எளிது. பலகையைப் பிடிக்க ஆணி வேண்டாம்: பலகையைவிடக் கனம் குறைந்த ஒரு சிறு சட்டத்தை மேசையின் முன்முனையில் குறுக்கே திருகிவிட்டால், அதில் முட்டி நிற்கும்.

கேட்டவர்

சட்டங்கள் போட்ட பிறகு மேசை அசைவதில்லை; மேல்தகட்டை நெருக்கி வைத்ததும் பிய்வது பெரும்பாலும் குறைந்துவிட்டது. இன்னும் ஒரே ஒரு சந்தேகம்: மாலையில் ஒரு முகத்தை மட்டமாக இழைத்து மேசையின்மேலேயே கிடத்திவிட்டுப் போனேன், காலையில் பலகை அகலவாட்டில் குழிந்திருந்தது.

மறுமொழி 2

இழைத்த முகத்தில், உள்ளே ஈரம் மிச்சமிருக்கும் புதிய மரம் காற்றில் பட்டு வேகமாக உலர்ந்து சுருங்குகிறது. மேசையோடு ஒட்டிக் கிடந்த அடிமுகம் உலரவில்லை. ஒரு முகத்தை முழுவதும் முடிக்காமல், இரு முகங்களிலும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இழையுங்கள். ஒவ்வொரு நாளும் வேலையை நிறுத்தும்போது, இரு பக்கமும் காற்றுப் படும்படி பலகைகளை விளிம்பில் நிறுத்தி வையுங்கள். முடிக்க வேண்டிய கனத்துக்கு மேல் இரண்டு மில்லிமீட்டர் மிச்சம் வைத்து, ஒரு வாரம் விட்டு, கடைசி இழைப்பைக் கோத்து இணைப்பதற்குச் சற்று முன்னால் வைத்துக்கொள்ளுங்கள்.